அடுப்பு வண்டியில் வரட்டும், எரிவது தரையில் இருக்கட்டும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் பேச ஆரம்பித்தால் மணி அடித்தால்தான் நிறுத்துவார் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு மணி அடிக்கவும் ஆளில்லை. ஒரு காபியைக் கலந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பினான். பிள்ளையார்பாளையத்துப் பிள்ளை. 1994-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். அவன் அம்மா நாற்பது வருடம் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவர். ஊர் உலகத்துக்கெல்லாம் கல்யாணப் புடவை நெய்து கொடுத்தவர், திருப்பதியைத் தாண்டி எங்கும் போனதில்லை. இப்போது அம்மாவை ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று கூட்டிப்போக வேண்டும் என்பது இவன் ஆசை. அம்மாவுக்குச் சர்க்கரை, ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அதனால் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் ஒரு சின்ன டிரெய்லரைத் தானே செய்கிறான். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். படுக்கைக்குத் தலைமாட்டில், கதவை ஒட்டி, ஒரு சமையல் மேடை வரைந்திருந்தான். மேடைக்கு அடியில் சிலிண்டர்.

"டீச்சர், நீங்கதானே எங்களுக்குப் படம் வரையக் கத்துக்கொடுத்தீங்க. இது சரியா இருக்கா, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தான்.

கோடெல்லாம் நேராகத்தான் இருந்தது. அந்தச் சிலிண்டர் இருந்த இடம்தான் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பயணத்துக்குப் போகிற மனிதன் சமையலறையை என்ன செய்தான் என்பது பெரிய சரித்திரம். அதைச் சொன்னால்தான் என் பதில் அவனுக்குப் புரியும், உங்களுக்கும் பயன்படும்.

முதலில் நம் முன்னோர் கண்ட வழி, சமையலறையை வீட்டிலேயே விட்டுவிட்டுச் சோற்றை மட்டும் கட்டிக்கொண்டு போவது. கட்டுச்சோறு, பொதிசோறு என்று நம் மொழியில் அதற்குத் தனிப் பெயர்களே உண்டு. புளி, நல்லெண்ணெய், உப்பு, மிளகு எல்லாம் ருசிக்காக மட்டும் சேர்ந்தவை அல்ல, சோறு கெடாமல் இருக்கவும் சேர்ந்தவை. நம் வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியையே பாருங்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் சேர்த்த மாவை ஊற்றி மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். அடுத்த நாளும் கெடாது. வழிப்பயணத்துக்கு அதைவிட நல்ல துணை ஏது?

ஆனால் கட்டுச்சோறு எத்தனை நாளைக்குத் தாங்கும்? இரண்டாம் நாளே யாராவது அடுப்பு மூட்டியாக வேண்டும். பெரியபுராணத்தில் சுந்தரர் திருக்கச்சூருக்கு வருகிறார். சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் இருக்கிற ஊர்தான். நடுப்பகல், நல்ல பசி. சமைத்துப் போடும் பரிவாரம் இன்னும் வந்து சேரவில்லை. சிவபெருமானே கிழ அந்தணராக வந்து, வெயிலில் வீடு வீடாகப் பிச்சை எடுத்துச் சோறு கொண்டுவந்து போட்டார் என்கிறது கதை. அங்கிருந்து கிளம்பித்தான் சுந்தரர் நம் காஞ்சிக்கு வந்தார். பக்தியோடு படிப்பவர்கள் இறைவனின் கருணையைப் பார்ப்பார்கள். எனக்கு அதோடு இன்னொன்றும் தெரிகிறது. ஆள் ஓரிடம், சமையல் வேறிடம் என்று பிரிந்துபோவது அந்தக் காலத்திலேயே பயணக்காரனின் கஷ்டமாக இருந்திருக்கிறது.

இரண்டாவது வழி சத்திரம். சமையலறையைத் தூக்கிக்கொண்டு போகாதே, வழியில் ஒன்றைக் கட்டிவை என்பது அதன் பொருள். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் போகும் பாதையில் கட்டிய சத்திரங்கள் புகழ் பெற்றவை. ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரத்தை இன்றும் பார்க்கலாம்.

சத்திரம் இல்லாத வழியில்? அதற்கு ஒரு நல்ல சாட்சி ஏனுகுல வீராசாமி. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே மாதம் சென்னையிலிருந்து சுமார் நூறு பேரோடு காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் திரும்பினார். பதினைந்து மாதப் பயணம். அதைத் தெலுங்கில் நாட்குறிப்பாக எழுதினார். எந்த ஊரில் தங்க இடம் உண்டு, எங்கே சாமான் கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று ஒவ்வொரு தங்கலிலும் குறித்துக்கொண்டே போகிறார். கோயில் தரிசனத்தைப் போலவே அரிசியும் விறகும் அவருக்கு முக்கியம். நூறு பேருக்கு அடுப்பு மூட்டுகிறவருக்கு வேறு எப்படி இருக்கும்?

இனி நான் கண்ணால் பார்த்தது. எனக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். சித்ரா பௌர்ணமிக்கு ஐயங்கார்குளம் நடவாவி உற்சவத்துக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு போவோம். வண்டிக்குள் வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமுக்காளம் விரித்திருக்கும். பெண்களும் பிள்ளைகளும் உள்ளே. வண்டிக்கு அடியில் ஒரு சாக்கை ஊஞ்சல் மாதிரி கட்டி, அதில் மாட்டுக்கு வைக்கோலும் எங்களுக்கு விறகும் வறட்டியும் போட்டிருப்பார்கள். பின்பக்கம் ஒரு மரப்பெட்டி. அதில் அரிசி, பருப்பு, புளி, மிளகாய், கரண்டி, வெண்கலப் பானை. பாலாற்றங்கரைக்குப் போனதும் அப்பா செய்யும் முதல் வேலை அந்தப் பெட்டியை இறக்குவது. மூன்று கல்லைக் கூட்டி, வண்டியிலிருந்து நல்ல தூரத்தில், காற்றுக்கு எதிர்ப்பக்கம் பார்த்து அடுப்பு. நாங்கள் யாராவது கொள்ளிக்கட்டையை வண்டிப் பக்கம் கொண்டுபோனால் முதுகில் ஒன்று விழும். வைக்கோல் வண்டியில் நெருப்பு கூடாது என்பதை யாரும் பாடமாக நடத்தவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

பெட்டியை ஏற்றும்போது அப்பா இன்னொன்றும் பார்ப்பார். முன்பாரம், பின்பாரம். பின்னால் சுமை கூடினால் நுகத்தடி மேலே தூக்கி, மாட்டின் கழுத்துக்கயிறு இறுக்கும். முன்னால் கூடினால் மாடு கழுத்து நோக இழுக்கும். சமையல் பெட்டி எவ்வளவு இருக்கலாம் என்பதை எங்கள் வீட்டில் மாடுதான் தீர்மானித்தது.

இப்போது உங்களைக் கொஞ்ச தூரம் கூட்டிப்போகிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், 1866. சார்லஸ் குட்நைட் என்ற மாட்டுக்காரர் ஆயிரக்கணக்கில் மாடுகளை வாரக்கணக்காக ஓட்டிப்போக வேண்டும். சாப்பாடு சரியில்லாவிட்டால் ஆட்கள் நிற்க மாட்டார்கள். அவர் ஒரு பழைய ராணுவ வண்டியை வாங்கி, அதன் வால்பக்கத்தில் ஒரு பெட்டியைப் பொருத்தினார். பெட்டிக்குள் அறைகளும் இழுப்பறைகளும். மூடியைக் கீழே இறக்கி ஒரு காலை ஊன்றினால் அதுவே சமையல் மேசை. அதற்கு 'சக் வேகன்' என்று பெயர். சாப்பாட்டு வண்டி என்று பொருள் சொல்லலாம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. அந்த வண்டிக்கு அடியிலும் ஒரு மாட்டுத்தோலைத் தொட்டில் மாதிரி கட்டி, அதில் விறகும் காய்ந்த சாணமும் போட்டுக்கொண்டு போனார்களாம். டெக்சாஸ்காரன் என் அப்பாவைப் பார்த்ததில்லை, என் அப்பா டெக்சாஸைக் கேள்விப்பட்டதில்லை. தேவை ஒன்றாக இருந்தால் புத்தியும் ஒரே பக்கம்தான் போகும்.

ஒன்றைக் கவனியுங்கள். குட்நைட்டின் பெட்டியில் எல்லாம் இருந்தது, நெருப்பு மட்டும் இல்லை. நெருப்பு மண்ணில் தோண்டிய குழியில்தான். பாலாற்றங்கரையிலும் அதேதான். சமையலறை வண்டியோடு வந்தது, அடுப்பு தரையில் எரிந்தது.

பிறகு எப்போது மாறியது? அடுப்பு சிறுத்தபோது மாறியது.

1892-இல் ஸ்வீடனில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் திரி இல்லாத மண்ணெண்ணெய் அடுப்பைச் செய்தார். காற்றடித்து ஏற்றுகிற பிரைமஸ் ஸ்டவ். உங்கள் பாட்டி வீட்டில் உஸ்ஸென்று சத்தம் போட்ட அந்தப் பித்தளை அடுப்புதான். புகை இல்லை, கரி இல்லை, கையில் தூக்கிவிடலாம். 1911-இல் தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சென் குழுவோடும் அந்த அடுப்பு போனது. அதற்குப் பிறகு எரிவாயு வந்தது. ஒரு குமிழைத் திருகினால் நீலச் சுடர்.

விறகடுப்பை யாரும் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்க மாட்டார்கள். புகையே நம்மை வெளியே துரத்திவிடும். புகை போனதும், நாம் பார்ப்பது நெருப்பு என்பதே மறந்துபோயிற்று. அடுப்பு வண்டிக்குள் ஏறியது அப்படித்தான்.

வெளிநாட்டிலும் எல்லாரும் மறந்துவிடவில்லை. 1930-களில் அமெரிக்காவில் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு சின்ன டிரெய்லர் வந்தது. பெயரும் அதுதான், 'டியர்டிராப்'. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பலர் பத்திரிகையில் வந்த வரைபடத்தைப் பார்த்து வீட்டிலேயே செய்துகொண்டார்கள். உள்ளே படுக்கை மட்டும். சமையல் மேடை வால்பக்கத்தில், தடுப்புச் சுவருக்கு அந்தப் புறம். பின்கதவை மேலே தூக்கினால் அதுவே கூரை. சமைக்கிறவர் வெளியே மண்ணில் நின்றுதான் சமைக்க வேண்டும். என் மாணவன் செய்வது ஏறக்குறைய அதே அளவு வண்டி. மேடை மட்டும் சுவருக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

இனிமேல் சொல்வதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். உங்களில் சிலர் அன்றைக்கு அந்தப் பேருந்தில் இருந்தவர்கள். அதனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

1996-இல் உங்களை மைசூர், ஊட்டி சுற்றுலாவுக்கு அழைத்துப்போனோம், நினைவிருக்கிறதா? அந்தக் காலத்துச் சுற்றுலாப் பேருந்துகள் பலவற்றில் கூடவே ஒரு சமையல் மாஸ்டர் வருவார். டிக்கியில் சிலிண்டர், அடுப்பு, அண்டா. சாலையோரம் மரத்தடியில் இறக்கிச் சமைத்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடுதான். கூடலூர் தாண்டி ஓரிடத்தில் இரவு மாட்டிக்கொண்டோம். கொட்டுகிற மழை. கடை எதுவும் திறந்திருக்கவில்லை. நாற்பத்தைந்து பிள்ளைகள் பசியில் இருந்தீர்கள். சின்னவள் ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். மாஸ்டர் வந்து, "டீச்சர், வெளியில பத்த வைக்க முடியாது. கடைசி சீட்டுப் பக்கம் வச்சு ஒரு உப்புமா கிளறிடறேன்" என்றார்.

நான் சரி என்று சொன்னேன்.

மழைக்காக ஜன்னல் எல்லாம் அடைத்திருந்தது. முன்பக்கம் ஒரே ஒரு கதவு. பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அரை மணி நேரம் அந்த அடுப்பு எரிந்தது. ஒன்றும் ஆகவில்லை. அந்த மழைநேரத்து உப்புமா மாதிரி சாப்பிட்டதே இல்லை என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பார்க்கும்போது சொல்கிறீர்கள். நானும் பல வருடம் அதைப் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2023 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை. மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி விடியற்காலை ஐந்தே கால் மணி அளவில் தீப்பிடித்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள். லக்னோவில் ஏறி, பல ஊர் தரிசித்து, புனலூர் ரயிலோடு அன்று அதிகாலைதான் மதுரை வந்திருந்தார்கள். பெட்டியைத் தனியாகக் கழற்றி நிறுத்தியிருந்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த சமையல் எரிவாயுச் சிலிண்டரில் தேநீர் போட முயன்றபோது பிடித்த தீ. ஒன்பது பேர் இறந்துபோனார்கள்.

ரயிலில் இப்படிப்பட்ட பொருளைக் கொண்டுபோகக் கூடாது என்று 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 67-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் 164-ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இருந்தது. அன்று வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. காலையில் ஒரு டம்ளர் தேநீர், அவ்வளவுதான் அவர்கள் ஆசை. நம் வீட்டுப் பெரியவர்களைப் போலவே கிளம்பி வந்தவர்கள்.

அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு மதுரை தெரியவில்லை. கூடலூர் மழையும், அடைத்த ஜன்னலும், தூங்கிக்கொண்டிருந்த உங்கள் முகங்களும்தான் தெரிந்தன. அன்றைக்கு நம்மைக் காப்பாற்றியது என் புத்தி இல்லை. நாற்பத்தைந்து பெற்றோர் என்னை நம்பி அனுப்பினார்கள். நான் செய்தது தப்பு. இத்தனை வருடம் கழித்தாவது உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

இப்போது தம்பி, உன் படத்துக்கு வருகிறேன்.

மேடையைக் கதவு ஓரத்திலிருந்து எடுத்துவிடு. வால்பக்கத்தில், தடுப்புச் சுவருக்கு வெளியே வை. அதையும் வண்டியோடு சேர்த்து அடித்துவிடாதே. உன் அம்மா வீட்டு வாசலில் காலையில் பாவு நீட்டுவார்களே, வெயில் ஏறுவதற்குள் சுருட்டி எடுத்துத் தெருவைத் தெருவாக விட்டுவிடுவார்கள். சமையலும் அப்படி விரிந்து சுருளட்டும். இழுத்தால் வெளியே வந்து, காலை ஊன்றினால் நிற்கிற தனிப் பெட்டியாகச் செய்.

ஒரே பெரிய பெட்டி வேண்டாம். அடுப்புக்கு ஒன்று, பாத்திரத்துக்கும் மளிகைக்கும் ஒன்று என்று இரண்டாகப் பிரி. இரண்டு பேர் இடுப்பு நோகாமல் தூக்க முடியாவிட்டால், மூன்றாம் நாள் சோம்பல் வந்து உள்ளேயே வைத்துச் சமைப்பாய். கழற்றச் சுலபமாக இருந்தால்தான் கழற்றுவோம்.

சிலிண்டர் படுக்கை இருக்கும் அறையில் இருக்கவே கூடாது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தாழ்ந்த இடத்தில் தேங்கும். உன் வண்டியில் தாழ்ந்த இடம் அம்மாவின் படுக்கை. ஐந்து கிலோ சிலிண்டர் போதும். வெளியே தனிக் கூண்டு செய்து, கூண்டின் அடியில் காற்று போக வழி விட்டு, நிமிர்த்தி நிறுத்திக் கட்டு. வண்டி ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும். காற்றுத் தடுப்புக்குத் தகரம் வைத்தால், அது அடுப்பை மட்டும் மறைக்கட்டும், சிலிண்டரைச் சேர்த்து மூடக் கூடாது.

பாரத்தையும் பார். இருபது லிட்டர் தண்ணீர் இருபது கிலோ. அதையும் சமையல் பெட்டியோடு வாலில் வைத்தால் பின்பாரம் ஆகிவிடும். மாடாக இருந்தால் கழுத்து இறுகுகிறது என்று நின்றுவிடும். கார் சொல்லாது. வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி ஆட ஆரம்பித்த பிறகுதான் தெரியும். தண்ணீரை அச்சுக்கு மேலே, அல்லது கொஞ்சம் முன்னால் வை. மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு காரோடு மாட்டும் முனையில் இறங்க வேண்டும் என்பது அமெரிக்காவில் டிரெய்லர் இழுப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

கடைசியாக மழை. எனக்குத் தெரியும், தப்பெல்லாம் மழை இரவில்தான் நடக்கும். பின்கதவு கூரையாக நிற்கும், பக்கங்கள் திறந்திருக்கும், அவ்வளவு போதும். அதற்கும் மீறிச் சாரல் அடித்தால் அன்றைக்கு அடுப்பு வேண்டாம். தார்ப்பாயால் சுற்றி மூடிக்கொண்டு சமைக்காதே. மூடிய இடத்தில் எரியும் அடுப்பு வாசனையே இல்லாத நச்சுவாயுவைக் கொடுக்கும். அந்த இரவுக்காகப் பெட்டியில் எப்போதும் ஒருவேளைக் கட்டுச்சோறு இருக்கட்டும். அம்மாவுக்குப் பொடி தடவிய இட்லி, அவித்த சுண்டல். அன்று கூடலூரில் என்னிடம் ஒரு மூட்டை புளிச்சோறு இருந்திருந்தால், மாஸ்டரிடம் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

இதையெல்லாம் அவனுக்குத் தனியாகவும் எழுதி அனுப்பினேன். நேற்று புதிய படம் வந்தது. மேடை வெளியே வந்துவிட்டது. சிலிண்டருக்குக் கூண்டு. தண்ணீர் கேன் அச்சுக்கு மேலே. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி வரைந்து, 'அம்மா' என்று எழுதியிருந்தான். கீழே ஒரு வரி: "அம்மா கேக்கறாங்க டீச்சர், கல்லு மூணு கூட்டி அடுப்பு வச்சா ஆகாதா, அவங்களுக்கு அதுதான் பழக்கமாம்."

தாராளமாக ஆகும் என்று சொன்னேன். கேட்டதுமே எனக்குப் பாலாற்று மணலும் அப்பாவின் குரலும் நினைவுக்கு வந்துவிட்டன.

உங்கள் வீட்டில் யாத்திரை, சுற்றுலா போனபோது எப்படிச் சமைத்தீர்கள் என்று எழுதுங்கள். கட்டுச்சோற்றுக்கு உங்கள் பாட்டி என்ன சேர்த்தார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அந்த 1996 பேருந்தில் இருந்தவர்கள் ஒருமுறை பெயர் போட்டுவிட்டுப் போங்கள். எல்லாரும் நலமாக இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
காஞ்சிபுரம்